மேசை வாங்கும் முன் முழங்கையை அளந்துகொள்ளுங்கள்

வீட்டிலிருந்து வேலை என்றதும் பலரும் முதலில் தேடுவது மேசையை. ஆனால் மேசையும் நாற்காலியும் உட்கார்ந்த நிலையில் உங்கள் முழங்கை இருக்கும் உயரத்தை வைத்துத்தான் அமைய வேண்டும். தோள்பட்டை இறுக்கம், கழுத்து வலி, மணிக்கட்டு குடைச்சல் எல்லாம் இந்த ஓர் அளவு தப்பினாலே வரலாம்.

செருப்பில்லாமல், இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும்படி உட்காருங்கள். தோளைத் தளர விட்டு, முழங்கையை மடக்கி, முன்கையைத் தரைக்கு இணையாக நீட்டுங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை எவ்வளவு என்று வீட்டில் ஒருவரை டேப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீபோர்டு இருக்க வேண்டிய உயரம் அதுதான். 5 அடி 4 அங்குலம் உயரமுள்ளவருக்கு இது ஏறக்குறைய 25 அங்குலம் வரும். கடை மேசையும் டைனிங் டேபிளும் 29, 30 அங்குலம். மீதி நான்கைந்து அங்குலத்துக்குக் கையை நாள் முழுக்கத் தூக்கிப் பிடிப்பது தோள்தான். சாயங்காலத்துக்குள் கழுத்தின் இரண்டு பக்கமும் இறுகிப்போவது அதனால்தான்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஆசாரியை வைத்துச் செய்வதானால் பலகையின் கனத்தையும் சேர்த்து உங்கள் முழங்கை அளவையே மேசையின் உயரமாகச் சொல்லுங்கள். 18 மி.மீ. பிளைவுட், நீளம் 4 அடி, அகலம் 2 அடி போதும். அகலத்தை ஒன்றரை அடியாகக் குறைத்தால் திரை முகத்துக்கு மிகவும் நெருங்கிவிடும். பலகைக்கு அடியில் டிராயர் வேண்டவே வேண்டாம். உயரம் குறைந்த மேசையில் அது தொடையில் இடிக்கும். சாமான் வைக்கத் தனியாக ஒரு சின்னப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். முன் விளிம்பை உருட்டி இழைத்துத் தரச் சொல்லுங்கள். மைக்கா ஒட்டிய கூர் விளிம்பு மணிக்கட்டின் அடிப்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்கும்.

இருக்கிற 30 அங்குல மேசையையே பயன்படுத்துவதானால் நாற்காலியை உயர்த்த வேண்டும். நாற்காலி எத்தனை அங்குலம் ஏறுகிறதோ, அத்தனை அங்குலம் காலுக்கு அடியில் பலகையும் ஏற வேண்டும். இதை விட்டுவிட்டால் கால் தொங்கும், இருக்கையின் விளிம்பு தொடையின் பின்பக்கத்தை அழுத்தும், ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். சாப்பிட உட்காரும் மணைப்பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆணி அடித்துவிட்டால் நல்ல கால்பலகை ஆகிவிடும்.

நாற்காலிக்குச் செலவழிக்கும் பணம் வீணாகாது. மேசையில் மிச்சம் பிடித்தாவது இதில் போடுங்கள். கடையில் உட்கார்ந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். முதுகு முழுதாகச் சாய்மானத்தில் பட உட்காரும்போது, முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவில் இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம். வீட்டில் தானாகவே முன்னால் நகர்ந்து, முதுகுச் சாய்மானம் இல்லாமல்தான் உட்காருவீர்கள். சாய்மானத்தின் புடைப்பு பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே படட்டும். கைப்பிடி மேசைக்கு அடியில் போகுமா என்பதையும் பாருங்கள். விளிம்பில் இடித்து நின்றால் மேசையை எட்ட நீங்கள்தான் குனிய வேண்டியிருக்கும். டைல்ஸ் தரை என்றால் கெட்டியான நைலான் சக்கரத்துக்குப் பதில் மென்மையான பியூ (பாலியூரித்தேன்) சக்கரம் கேளுங்கள். சத்தமும் இருக்காது, கீறலும் விழாது.

லேப்டாப்பை மட்டும் வைத்து நாள் முழுக்க வேலை செய்வது கழுத்துக்குக் கேடு. கீபோர்டு கைக்குச் சரியாக இருந்தால் திரை தாழ்ந்திருக்கும். திரை சரியாக இருந்தால் கீபோர்டு உயர்ந்துவிடும். தனிக் கீபோர்டும் மவுசும் வாங்கி, லேப்டாப்பை ஸ்டாண்டில் ஏற்றுவதே தீர்வு. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுத் தாழ, ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். பைஃபோக்கல் கண்ணாடி போடுபவர்கள் இன்னும் இரண்டு அங்குலம் இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தலையை அண்ணாந்துகொண்டே இருப்பார்கள்.

மேசையைப் போடும்போது ஜன்னல் பக்கவாட்டில் வரட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், வீடியோ காலில் முகம் கறுத்துத் தெரியும். எதிரில் இருந்தால் கண் கூசும். மேற்குச் சுவரை ஒட்டி உட்கார வேண்டாம். மதியம் வாங்கிய வெயிலை அந்தச் சுவர் ராத்திரி வரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். திரையை அணைத்துவிட்டு வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கறுப்புத் திரையில் டியூப் லைட்டோ ஜன்னலோ தெரிந்தால் மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம். காற்று நேராக இறங்கினால் கண் உலரும், மைக்கில் இரைச்சல் ஏறும். மூன்று, நான்கு அடி தள்ளி உட்கார்ந்தாலே காற்று போதிய அளவு வரும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: விளக்கு ஃபேன் இறக்கைக்கு மேலே இருந்தால், சுற்றும் இறக்கையின் நிழல் மேசை மேல் துடித்துக்கொண்டே இருக்கும். காரணம் தெரியாத தலைவலிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். விளக்கை இறக்கை மட்டத்துக்குக் கீழே சுவரில் மாற்றிப் பொருத்தினால் போதும்.

மின்சாரத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில்கூட அது பெரும்பாலும் விளக்கு, ஃபேன் லைனுக்கு மட்டுமே இணைந்திருக்கும். ரவுட்டர் செருகிய பிளக்குக்கு வராது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தியதும் ஃபேன் ஓடும், நெட் போய்விடும். எலக்ட்ரீஷியனை அழைத்து, மேசை அருகே ஒரு 6 ஆம்பியர் பாயிண்டுக்கும் ரவுட்டர் பாயிண்டுக்கும் இன்வெர்ட்டர் லைன் இழுக்கச் சொல்லுங்கள். ஃபேஸோடு நியூட்ரலையும் இன்வெர்ட்டரிலிருந்தே தனியாக இழுக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். பக்கத்து போர்டின் நியூட்ரலைக் கடன் வாங்கி இணைத்தால் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆகும், காரணம் கண்டுபிடிக்கவே பாடாகிவிடும்.

பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கு எளிது. லேப்டாப் 65 வாட், மானிட்டர் 25, ரவுட்டர் 15, எல்இடி டியூப் 20, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் 30 என்று வைத்தால் மொத்தம் 155 வாட். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரியில் 1800 வாட் மணி இருந்தாலும், இழப்பெல்லாம் போக 1200 கைக்கு வரும். புது பேட்டரி ஏழரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும், பழசானால் பாதிதான். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும் என்பதால் ஃபேனை மாற்றினாலே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகும். சைன் வேவ் இன்வெர்ட்டரே வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் ஃபேன் முனகும், அடாப்டர் சூடாகும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். அதனால் காற்றோட்டமுள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும், மூடிய வேலை அறையில் கூடாது.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கு மட்டும் ஒரு மினி யூபிஎஸ் வாங்கலாம். ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் ரவுட்டருக்கு 9 வோல்ட் கொடுத்தால் ஓடாது. 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 கொடுத்தால் கெட்டுப்போகலாம்.

லேப்டாப்பின் உலோக உடம்பில் கை வைத்தால் குறுகுறு என்று இழுக்கிறதா? மூன்று பின் பிளக்கை இரண்டு பின் துளையில் செருகும் கன்வெர்ட்டரைக் கழற்றி எறியுங்கள். நேரடியாக மூன்று பின்னில் செருகியும் குறுகுறுத்தால் அந்த பாயிண்டுக்கு எர்த் வரவில்லை என்று சந்தேகிக்கலாம். தள்ளிப்போடாமல் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

ரவுட்டர் ஹாலில், மேசை உள் அறையில் என்றால் நடுவில் இருக்கும் இரண்டு செங்கல் சுவரும் ஓர் இரும்பு பீரோவும் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை நன்றாகக் குறைத்துவிடும். ரிப்பீட்டருக்குச் செலவழிப்பதைவிட சுவரோரமாக ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுவது நல்லது. 100 மீட்டர் வரை வேகம் குறையாது. வெறும் சுவரும் டைல்ஸும் இருக்கும் அறையில் குரல் எதிரொலிக்கும். கனமான திரைச்சீலையும் தரையில் ஒரு ஜமக்காளமும் அதைப் பெரிதும் அடக்கும்.

எல்லாம் பொருத்திய பிறகு, ஒரு வீடியோ காலில் இருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். எது அணைந்துபோகிறதோ, அது தவறான லைனில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன் இதைச் செய்துவிடுங்கள்.