ஆபீசுக்கும் குடோனுக்கும் நடுவே 2 கிலோமீட்டர்

திருப்பூரில் எங்கள் ஆபீசிலிருந்து குடோன் நேர்கோட்டில் 2 கிலோமீட்டர். முதலில் இரண்டு பக்கமும் சாதாரண பிராட்பேண்ட் வாங்கி அதன்மேல் இரண்டு இடத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் விபிஎன் போட்டிருந்தோம், காலையில் ஒழுங்காக ஓடும், சாயங்காலம் லோடு ஏற்றும் நேரத்தில் பில்லிங் அப்படியே நின்றுவிடும். வேகம் குறையவில்லை, பிங்தான், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம்தான், 10 மில்லிசெகண்டிலிருந்து 200-க்குத் தாவியது.

நமக்கென்றே தனியாக விடும் லீஸ்டு லைன் விசாரித்தேன், மாத வாடகை கட்டுப்படியாகவில்லை. சொந்த ஃபைபர் என்றால் பொது ரோட்டைத் தாண்ட அனுமதி வாங்க வேண்டும். சரி என்று இரண்டு இடத்தையும் கம்பியில்லாமல் இணைக்கும் 5.8 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒரு ஜோடி வாங்கினேன், அதற்கு இங்கே தனி அலைவரிசை லைசென்ஸ் தேவையில்லை.

மாட்டிய அன்று சிக்னல் மைனஸ் 78 டிபிஎம், மைனஸில் எண் கூடக் கூட சிக்னல் பலவீனம். மொட்டைமாடியில் நின்றால் குடோன் நன்றாகவே தெரிகிறது, அப்புறம் ஏன்? இதிலேயே இரண்டு நாள் போனது. ரேடியோ அலை நடுவழியில் பருத்துப் போகும். 2 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுப்புள்ளியில் சுற்றிலும் 5 மீட்டர், இதைத்தான் ஃபிரெனல் மண்டலம் என்கிறார்கள், அதில் 3 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். எங்களுக்குச் சரியாக அந்த இடத்தில் தென்னை மட்டைகள். மரத்தை வெட்ட மனசில்லை, இரண்டு கம்பத்தையும் 10 அடி உயர்த்தினோம், மைனஸ் 60 வந்தது. சேனல் அகலத்தையும், அதாவது ரேடியோ எடுத்துக்கொள்ளும் அலைவரிசை அளவையும், 80-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். வேகம் குறையும், ஆனால் இரைச்சல் 6 டெசிபல் இறங்கும், பில்லிங்குக்கு அந்தக் குறைந்த வேகமே தாராளம்.

இப்போது பிங் 3 மில்லிசெகண்ட். பழைய விபிஎன் பேக்கப்பாக இருக்கிறது. கம்பத்துக்கு எர்த்திங்கும் கேபிளுக்கு, திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டாயம் போட்டுவிடுங்கள்.