பிரெய்ரிச் சிற்றூருக்குக் குடிவருபவர்கள் முதலில் தேட வேண்டிய இடம்

ரொறன்ரோவில் வந்து இறங்கும் தமிழருக்கு உறவினர், கோயில், தமிழ்க் கடை என்று பற்றிக்கொள்ள ஏதாவது இருக்கும். வேலை கிடைத்து, பிரெய்ரி எனப்படும் கனடாவின் சமவெளி மாகாணங்களான மனிற்றோபா, சஸ்காச்சுவான், அல்பேர்ட்டா ஆகியவற்றின் சிற்றூர்களுக்கு வருபவர்களுக்குப் பெரும்பாலும் அது வாய்ப்பதில்லை. அடுத்த ஊருக்கே அரைமணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். சனவரியில் குளிர் மைனஸ் 30 பாகையைத் தொடும். சுகாதார அட்டை, ஓட்டுநர் உரிமம் பற்றியெல்லாம் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. வந்த முதல் மாதமே உங்கள் ஊரின் சமூக மண்டபம் எங்கே என்று கண்டுபிடித்து, அதன் கதவில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்களைப் படியுங்கள்.

பார்வைக்கு எளிய கட்டடம்தான். மரத்தளம், சிறு மேடை, சுவரோரம் மடித்து அடுக்கிய மேசைகள், சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே உணவு பரிமாற ஒரு திறப்பு. திருமண விருந்து, வாக்களிப்பு, சீட்டாட்டம், இறந்தவருக்கான நினைவுகூரல் எல்லாம் அங்கேதான். பல ஊர்களில் இதை ஊரார் தாங்களே மரமும் உழைப்பும் கொடுத்துக் கட்டினார்கள். செலவை ஈடுகட்டியதில் பெண்களின் பங்கு பெரியது. விருந்து சமைத்தும், பை (pie) எனப்படும் மாவுப் பண்டம் விற்றும், துண்டுத்துணிப் போர்வை தைத்துக் குலுக்கலில் விட்டும் காசு சேர்த்தார்கள்.

அவர்கள் ஏன் இப்படிச் சேர்ந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த ஊர்களைப் புரிந்துகொள்ளலாம். கனடாவின் 1872ஆம் ஆண்டு நிலச் சட்டம் குடியேறுபவர்களுக்கு 10 டொலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்தது. ஆளுக்கு 160 ஏக்கர் என்றால் பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருக்காது. கணவனோடு வாழும் பெண் தன் பெயரில் அந்த நிலத்தைக் கேட்கவும் முடியாது. அந்தத் தனிமைக்கு நடுவே, 1897இல் ஒன்ராறியோவில் தொடங்கிய மாதர் கழக இயக்கம் 1909இல் அல்பேர்ட்டாவுக்கு வந்தது. மனிற்றோபாவிலும் சஸ்காச்சுவானிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதுபோன்ற சங்கங்கள் எழுந்தன. கைக்குழந்தையோடு ஊருக்கு வரும் பண்ணைப் பெண்கள் உட்கார ஓர் ஓய்வறை, நூலகம், ஊருக்கு ஒரு தாதி என்று கேட்டுப் பெற்றவர்கள் இவர்கள். அல்பேர்ட்டா பண்ணைப் பெண்கள் சங்கத்தின் தலைவியாக இருந்த ஐரீன் பார்ல்பி 1921இல் அந்த மாகாணத்தின் அமைச்சரானார். மூன்று மாகாணங்களும் 1916இலேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்தன. ஆனால் இந்த மண்ணின் பூர்வகுடிகளான முதற்குடிப் பெண்கள் அதற்காக மேலும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

நீங்கள் உள்ளே நுழைய நல்ல தருணம் இலையுதிர்கால விருந்து. அறுவடையை ஒட்டி, செப்ரெம்பர் முதல் நவம்பர் வரை ஊருக்கு ஊர் நடக்கும். வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நீண்ட மேசையில் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம். வான்கோழி, கோவா இலையில் சுருட்டிய சோறு, பெரோகி எனப்படும் உக்ரேனியக் கொழுக்கட்டை எல்லாம் இருக்கும். சைவ உணவுக்காரர்கள் கேட்டுச் சாப்பிடுவது நல்லது. உருளைக்கிழங்கு வைத்த பெரோகியின் மேல் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவியிருப்பார்கள். பையின் மாவில் பன்றிக்கொழுப்பு இருக்கக்கூடும். கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சாப்பிட்டு முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். சமையலறைக்குள் போய் ஒரு துவாயை எடுத்துத் தட்டுகளைத் துடைக்கத் தொடங்குங்கள். அழைப்பு வரட்டும் என்று காத்திருந்தால் ஆண்டுகள் போய்விடும். பெயர் கேட்பதும், பிள்ளைகள் எந்த வகுப்பு என்று விசாரிப்பதும், பழைய பனிக்காலணி தருகிறேன் என்பதும் அந்தப் பாத்திரம் கழுவும் தொட்டியடியில்தான் நடக்கும். ஆண்களுக்குக் கதிரை அடுக்கும் வேலை எப்போதும் இருக்கிறது. ஆண்கள் தட்டுத் துடைத்தாலும் வரவேற்பார்கள்.

நம்மவர்கள் தயங்கும் இடம் ஒன்று உண்டு: மரண வீடு. இறுதிச் சடங்கு முடிந்ததும் எல்லோரும் மண்டபத்துக்கு வருவார்கள். சாண்ட்விச், ஊறுகாய், கோப்பி, டெயின்டீஸ் என்று இங்கே சொல்லப்படும் சிறு இனிப்புகள் ஆகியவற்றைப் பெண்கள் ஆயத்தமாக வைத்திருப்பார்கள். இழவுக்குப் போனால் அங்கே கை நனைக்காமல் திரும்பி, தலைமுழுகிவிட்டு வீட்டுக்குள் போகும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும். ஆனால் இங்கே அந்த உணவை மறுத்துவிட்டுக் கிளம்பினால், துயரத்தில் இருப்பவர்களோடு உட்கார விருப்பமில்லை என்றே படும். வீடு திரும்பியதும் குளித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கோப்பியாவது குடியுங்கள். இறந்தவரை நீங்கள் தபாலகத்தில் மட்டுமே கண்டிருந்தாலும் போகலாம். குடும்பம் அதை மறக்காது.

ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரும் விருந்துக்கு என்ன சமைப்பது என்று குழம்ப வேண்டாம். கனடாவிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறும் மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் சஸ்காச்சுவான் வயல்களில் விளைந்தது. அதைப் பயிரிடும் குடும்பங்களிலேயே பருப்புக்கறி சாப்பிட்டிராதவர்கள் இருக்கிறார்கள். மிளகாயைக் குறைத்து, தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துக் கொண்டுபோங்கள். என்னென்ன சேர்த்தீர்கள் என்று சிறு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். கச்சான், முந்திரி சேர்த்திருந்தால் கட்டாயம் எழுத வேண்டும்.

மேலே சொன்ன மாதர் சங்கங்கள் பலவற்றில் உறுப்பினர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். கைகொடுக்க ஆளில்லாமல் தவிக்கிறார்கள். மாதக் கூட்டத்துக்கு வர முடியுமா என்று கேட்டால், ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் போங்கள். தேவாலய மாதர் குழுவாக இருந்தால் வழிபாடும் இருக்கும். அது உங்களுக்கு ஒவ்வாவிட்டால் மண்டபக் குழுவில் சேரலாம்.

தைப்பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ மண்டபத்தை வாடகைக்கு எடுக்கலாம். நகரத்து வாடகையோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. சாவி அநேகமாகப் பக்கத்தில் வசிக்கும் ஒருவரிடம் இருக்கும். மது பரிமாறுவதானால் முன்கூட்டியே மாகாண அனுமதி பெற வேண்டும். முடிந்ததும் தரையைக் கூட்டித் துடைத்து, குப்பையை எடுத்துக்கொண்டு, வெப்பமூட்டியைக் குறைத்துவிட்டுப் பூட்டுங்கள். பொங்கலுக்கு அழைக்கும்போது அந்தச் சமையலறையில் உங்களோடு நின்றவர்களை முதலில் அழையுங்கள். நாங்கள் என்ன செய்துகொண்டு வரட்டும் என்று கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.