மைனிங் பூல் ஆதிக்கத்தை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிவர்த்தனைகளைத் தொகுத்து, பிளாக்குகளாகச் சங்கிலியில் சேர்ப்பவர்கள் மைனர்கள். அவர்கள் தங்கள் கணினித் திறனை ஒன்றுசேர்த்து, வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளும் குழுதான் பூல். ஒரு பிளாக்செயினின் கட்டுப்பாடு எவ்வளவு பேர் கையில் பரவியிருக்கிறது என்று கேட்டால், பலரும் உடனே எடுத்துக் காட்டுவது பூல்களின் பங்கைக் காட்டும் வட்டப்படத்தைத்தான். யார் கையிலும் 51 சதவீதம், அதாவது பாதிக்கு மேற்பட்ட மைனிங் திறன், இல்லை, அப்படியானால் சரி என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்தப் படம் பொய் சொல்வதில்லை. ஆனால் பிளாக்கில் எது சேர வேண்டும் என்று முடிவெடுப்பது யார் என்பதை அது காட்டுவதே இல்லை.

முதலில் 51 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரம், அந்தப் பக்கம் ஆபத்து என்பது போல அதைப் பேசுவது தவறு. பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோவின் 2008 கட்டுரையின் கடைசியில் ஒரு கணக்கு இருக்கிறது. பணம் அனுப்பியவரே மறைவில் வேறொரு சங்கிலியைக் கட்டி, அனுப்பிய பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று வையுங்கள். அது பலிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போக எத்தனை பிளாக் காத்திருக்க வேண்டும்? மொத்த ஹாஷ் பவரில், அதாவது பிளாக் தேடும் கணினித் திறனில், அவரிடம் 10 சதவீதம் இருந்தால் 5 பிளாக் போதும். 30 சதவீதம் என்றால் 24. 40 என்றால் 89. 45 என்றால் 340, அதாவது பிட்காயினில் இரண்டு நாளுக்கும் மேல். ‘ஆறு கன்ஃபர்மேஷன் வந்துவிட்டது (பரிவர்த்தனை உள்ள பிளாக்கிலிருந்து எண்ணி ஆறு பிளாக்), இனிக் கவலையில்லை’ என்ற பழக்கம், எதிராளி சிறியவர் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. பெரிய பூல்கள் இருக்கும் சங்கிலியில் பெரிய தொகையைப் பெறுபவர் அந்த அட்டவணையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

பாதியைத் தொடாமலே செய்யக்கூடியது இன்னொன்றும் உண்டு. கண்டெடுத்த பிளாக்கை உடனே அறிவிக்காமல் பதுக்கிவைத்து ஆடும் பூல், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே தன் உழைப்புக்கு மேல் வருமானம் பார்க்க முடியும் என்று இட்டே எயலும் எமின் குன் சிரரும் 2013-இல் காட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் பரவலாக இருக்கிறது: பாதியைத் தாண்டிவிட்டால் எல்லோருடைய நாணயத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடலாம் என்ற பயம். அது நடக்காது. அடுத்தவரின் சாவி இல்லாமல் அவர் பணத்தைத் தொட முடியாது. 2.1 கோடி என்ற பிட்காயின் உச்சவரம்பையும் மாற்ற முடியாது, விதியை மீறிய பிளாக்கை, ஒவ்வொரு பிளாக்கையும் சரிபார்க்கும் கணினிகளான நோட்கள் ஏற்காமல் தள்ளிவிடும். தான் செலவழித்ததையே மீண்டும் செலவழிப்பது, பிறர் பரிவர்த்தனைகளைத் தடுப்பது, மற்ற மைனர்களின் பிளாக்குகளை வீணாக்குவது, இவைதான் முடியும். இவையே போதுமான கேடு.

அப்புறம், ஒரு நாள் நிலவரத்தைப் பார்த்துப் பதறுவது. பிட்காயினில் ஒரு நாளைக்குச் சுமார் 144 பிளாக். உண்மையில் 30 சதவீதம் வைத்திருக்கும் பூல், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஒரு நாள் 32 பிளாக்கும் இன்னொரு நாள் 54 பிளாக்கும் எடுக்கலாம். அதாவது 22 சதவீதமாகவும் தெரியும், 37 சதவீதமாகவும் தெரியும். மாதக் கணக்கில் பார்த்தால்தான் போக்கு பிடிபடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வட்டப்படத்தில் இருக்கும் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? ஒவ்வொரு பிளாக்கிலும் முதல் பரிவர்த்தனையில் பூல் தன் பெயரைச் சிறு எழுத்துக்கோவையாக எழுதி வைக்கிறது. அதைத்தான் புள்ளிவிவரத் தளங்கள் பெரும்பாலும் படிக்கின்றன. அந்த எழுத்தை நோட்கள் சரிபார்ப்பதில்லை. எதை வேண்டுமானாலும் எழுதலாம். எனவே பத்துப் பெயர் இருந்தால் பத்து முடிவெடுப்பாளர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணுவது, என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2024-இல் ஆய்வாளர்கள் பூல்கள் தங்கள் மைனர்களுக்கு அனுப்பும் வேலைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, தனித்தனிப் பெயரில் இயங்கும் பல சிறிய பூல்களின் பிளாக் டெம்ப்ளேட்டும் பெரிய பூலான ஆன்ட்பூலின் டெம்ப்ளேட்டும் ஒன்றாக இருப்பதைக் கண்டார்கள். எந்தப் பரிவர்த்தனைகள் சேரும், எந்த பிளாக்கின் மேல் கட்டப்படும் என்ற வரைவுதான் டெம்ப்ளேட். அது ஒரே இடத்தில் தயாராகிறதென்றால், வெளியே எத்தனை பெயர்ப்பலகை தொங்கினாலும் முடிவு ஒன்றுதான்.

இப்படி ஆவதற்குக் காரணம் பணம். பிளாக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் செய்த வேலைக்கு நிலையான கூலி வேண்டும் என்று மைனர்கள் கேட்கிறார்கள், கேட்பதும் நியாயம். ஆனால் அதிர்ஷ்டம் சரியில்லாத வாரங்களில் கையிலிருந்து போட்டுக் கொடுக்கப் பெரிய கையிருப்பு வேண்டும். சிறிய பூலுக்கு அது இருக்காது. அதனால் பெரியவரின் நிழலில் ஒதுங்குகிறது. பூலைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் பார்ப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை.

பூலும் மைனரும் ஒன்று என்று நினைப்பது ஒரு தவறு. ‘மைனர்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிவிடலாமே’ என்று அதை வைத்தே நிம்மதியடைவது இன்னொரு தவறு. 2014 ஜூனில் ஜிஹாஷ்.ஐஓ பிட்காயினின் பாதி ஹாஷ் பவரைத் தொட்டபோது மைனர்கள் வெளியேறினார்கள். 40 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதாகப் பூலும் அடுத்த மாதம் உறுதி சொன்னது. சரி, வழி இருக்கிறது. ஆனால் நடப்பது வெளியே தெரிந்த பிறகுதான் விலக முடியும். 2023 நவம்பரில் எஃப்2பூல், அமெரிக்கத் தடைப்பட்டியலில் உள்ள முகவரிகளின் பரிவர்த்தனைகளை வடிகட்டியது கண்டுபிடிக்கப்பட்டது. எதிர்ப்பு வந்ததும் நிறுத்தினார்கள். இயந்திரம் வைத்திருந்த மைனர்கள் அந்த முடிவை எடுக்கவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து தரவுகளைத் தோண்டியதால்தான் அது வெளியே வந்தது.

சிறிய நாணயங்களில் உள்ளே இருக்கும் பூல்களை மட்டும் எண்ணுவதில் பயனில்லை. அங்கே ஆபத்து வெளியிலிருந்து வரும். ஒரே அல்காரிதத்தில் பெரிய நாணயம் ஒன்று இருந்தால், அதற்கான இயந்திரங்களைச் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துச் சின்னதைக் கவிழ்த்துவிடலாம். எத்தீரியம் கிளாசிக் 2020 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் மூன்று முறை அடி வாங்கியது. கடைசித் தாக்குதலில் 7,000-க்கும் மேற்பட்ட பிளாக்குகள் மாற்றி எழுதப்பட்டன. அந்த மாதத்து வட்டப்படத்தைப் பார்த்து இதை யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது.

பூலில் சேர்பவர் கேட்க வேண்டிய கேள்வி, டெம்ப்ளேட்டை யார் தயாரிக்கிறார்கள் என்பதே. மைனரே தன் நோடில் அதைத் தயாரித்து, வருமானத்தை மட்டும் பூலோடு பகிர்ந்துகொள்ள, பூலும் மைனரும் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஸ்ட்ராட்டம் வி2 நெறிமுறையில் வழி இருக்கிறது. ஓஷன் பூல் டேட்டம் என்ற தன் நெறிமுறையால் அதே வசதியைத் தருகிறது. ஆனால் ‘ஸ்ட்ராட்டம் வி2 ஆதரவு உண்டு’ என்ற அறிவிப்பைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. டெம்ப்ளேட் தயாரிக்கும் உரிமை அதில் கட்டாயமில்லை, விருப்பப் பகுதி மட்டுமே. தகவல் பரிமாற்றத்தைக் குறியாக்கம் செய்துவிட்டு, டெம்ப்ளேட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் பூலும் அதே அறிவிப்பைப் போடலாம். அந்தப் பகுதி இயக்கத்தில் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். இருந்தால், சொந்தமாக ஒரு முழு நோட் ஓட்டி அதைப் பயன்படுத்துங்கள்.