பிஎஸ் 2 காலத்து கேம்களைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

“சைலன்ட் ஹில் 2-வை எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே என்று நானும் ஆடிப் பார்த்தேன். அப்படியொன்றும் பயமாக இல்லை.” இப்படி யாராவது சொன்னால் திருப்பி ஒன்றுதான் கேட்க வேண்டும்: எதில் ஆடினீர்கள்? 2012-ல் வந்த எச்டி தொகுப்பில் (புது டிவிகளுக்கேற்பக் காட்சியைத் தெளிவாக்கிய மறுபதிப்பு) என்றால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் ஆடியது வேறு பொருள்.

நான் சொல்வது 2000-ஐ ஒட்டி வந்த கன்சோல் தலைமுறை. சேகாவின் ட்ரீம்காஸ்ட் 1998 நவம்பரில் ஜப்பானில் முதலில் இறங்கியது. 2000 மார்ச்சில் சோனியின் பிளேஸ்டேஷன் 2, அதாவது பிஎஸ் 2 வந்தது. 2001-ல் நின்டெண்டோவின் கேம்க்யூபும் மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸும் வந்தன. விற்பனையில் போட்டி என்று சொல்லவே முடியாது. பிஎஸ் 2 ஏறத்தாழ 16 கோடி விற்றது. எக்ஸ்பாக்ஸ் சுமார் 2.4 கோடி, கேம்க்யூப் சுமார் 2.2 கோடி. ட்ரீம்காஸ்ட் ஒரு கோடியைக்கூடத் தொடாமல் 2001-லேயே கடையைக் கட்டியது. அந்தக் காலத்தின் பெரிய கேம்கள் இன்று பழைய டிஸ்க், எச்டி தொகுப்பு, ரீமேக், மொபைல் பதிப்பு, எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போலவே கணினியை நடக்க வைக்கும் மென்பொருள்) என்று நாலைந்து உருவங்களில் கிடக்கின்றன. அட்டையில் பெயர் ஒன்றுதான். உள்ளே இருப்பது ஒன்றல்ல.

புதுப் பதிப்பு என்றாலே நல்ல பதிப்பு என்று நம்புவது

ஏமாற்றங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. சைலன்ட் ஹில் 2 முதலில் வந்தது 2001-ல். அந்த ஊரே மூடுபனிக்குள் இருக்கும். நாலடி தள்ளி என்ன நிற்கிறது என்று தெரியாது, ரேடியோ இரைச்சல் மட்டும் கேட்கும். எச்டி தொகுப்பைச் செய்தவர்களுக்கு, கேமின் சொந்தக்கார நிறுவனமான கோனாமியிடமிருந்து கிடைத்தது இறுதி வடிவத்தின் நிரல் அல்ல, பாதியில் நின்ற ஒன்று. மூலத்தை உருவாக்கியவர்கள் ஏற்கெனவே திருத்தி முடித்த பிழைகளை இவர்கள் மறுபடி முதலிலிருந்து திருத்த வேண்டியிருந்தது. விளைவு, பனி மெலிந்தது. ஏரியில் படகு ஓட்டும் இடத்தில் தண்ணீர் எங்கே வெட்டி நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அப்புறம் எங்கிருந்து பயம் வரும்? மூலத்தை ஆட வேண்டுமென்றால் பிஎஸ் 2 டிஸ்க்கைத் தேடுங்கள், இல்லையென்றால் பழைய பிசி பதிப்பின் மேல் ரசிகர்கள் செய்து வைத்திருக்கும் ‘என்ஹான்ஸ்டு எடிஷன்’ இருக்கிறது. 2024-ல் வந்த ரீமேக் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது 2001-ன் கேம் அல்ல, அதைப் பற்றிய இன்னொருவரின் வாசிப்பு.

இதே கதைதான் ஜிடிஏ வரிசையின் சான் ஆண்ட்ரியாஸுக்கும். பிஎஸ் 2-ல் 2004-ல் வந்தபோது அந்த கேமின் உலகத்தில் ஓர் ஆரஞ்சு நிறப் புழுக்கம் படிந்திருக்கும், தூரத்தில் எல்லாம் மங்கி மறையும். அந்த மங்கலுக்குக் காரணம் கன்சோலின் சக்திக் குறைவு. ஆனால் மூன்று பெரிய நகரங்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் இருப்பதாக நம்மை நம்ப வைத்ததும் அதே மங்கல்தான். 2021 நவம்பரில் வந்த ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ அதை எடுத்துவிட்டது. மவுண்ட் சிலியாட் மலை உச்சியில் ஏறி நின்றால் வரைபடம் முழுவதும் காலடியில் தெரிகிறது. இவ்வளவு சின்ன இடத்திலா இத்தனை நாள் சுற்றினோம் என்று தோன்றிவிடும். போதாக்குறைக்கு, பழைய படங்களைத் தானாகப் பெரிதாக்கியதில் கடைப் பலகைகளின் எழுத்துகள் குழம்பின. டோனட் கடையின் மேல் நகைச்சுவைக்காக வைத்திருந்த ஆறு முனை நட்டு, முனைகள் மழுங்கி வெறும் வட்டமாகிவிட்டது. அது ஒரு ஜோக் என்பது மென்பொருளுக்குத் தெரியாதே! கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில் வந்த அப்டேட் பழைய ஒளியையும் பனியையும் ஓரளவு திருப்பிக் கொடுத்திருக்கிறது. வாங்கியாயிற்று என்றால் முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போய் அந்தப் பழைய ஒளியைப் போட்டுவிட்டு ஆடுங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் ஹேலோ முதல் பாகத்தின் ஆண்டுவிழாப் பதிப்பில் பரிசோதித்துப் பார்க்கலாம். ஒரு பட்டனைத் தட்டினால் 2001-ன் காட்சிக்கும் புதுக் காட்சிக்கும் மாறலாம். இருட்டும் சேறுமாக இருந்த சதுப்பு நிலக் கட்டத்தில் தட்டிப் பாருங்கள். புதியது அழகுதான், ஆனால் அங்கே ஏன் மெதுவாக நடந்தோம் என்பதற்கான காரணம் காணாமல் போயிருக்கும்.

பழைய டிஸ்க்தான் வேதம் என்று அடம்பிடிப்பது

இது எதிர்த்தரப்பின் தவறு. மெட்டல் கியர் சாலிட் 3, 2004-ல் வந்தபோது கேமரா தலைக்கு மேலே நிலையாக நின்றது. காட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து போக வேண்டிய கேமில் முன்னால் இருப்பவனைப் பார்க்கவே தனியாக ஒரு பட்டனைப் பிடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஜப்பானில் வந்த ‘சப்சிஸ்டன்ஸ்’ பதிப்பில்தான் கேமராவை நம் இஷ்டத்துக்குச் சுழற்ற முடிந்தது. அந்த ஒரு மாற்றத்தால் கேமே திறந்துகொண்டது. பின்னால் வந்த தொகுப்புகள் இதையே அடிப்படையாக வைத்திருப்பதால் அவற்றை நம்பி வாங்கலாம்.

டெவில் மே க்ரை 3-ன் கதை இன்னும் வேடிக்கை. ஜப்பானில் ‘ஹார்டு’ என்று வைத்திருந்ததை அமெரிக்கப் பதிப்பில் ‘நார்மல்’ ஆக்கி விற்றார்கள். மூன்றாம் கட்டத்தின் பாஸிடம் (கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி) அடி வாங்கி, இது நமக்கு ஆகாது என்று ஒதுங்கியவர்கள் ஏராளம். 2006-ன் ‘ஸ்பெஷல் எடிஷன்’ அதைச் சரிசெய்தது. முதல் அமெரிக்க டிஸ்க்கை இன்று தேடிப்பிடித்து ஆடுவது வீண் வீம்பு.

செல்டா வரிசையின் விண்ட் வேக்கரில் கடைசிப் பகுதி அப்படி. சிதறிய முக்கோணத் துண்டுகளைக் கடலுக்கடியிலிருந்து எடுக்க எட்டு வரைபடங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் படித்துச் சொல்ல டிங்கிள் என்ற ஆசாமி 398 ரூபி கேட்பான். எட்டுக்கும் சேர்த்தால் மூவாயிரத்துக்கு மேல். கதை உச்சத்தில் நிற்கும்போது காசு திரட்டக் கடலில் அலைய வேண்டியதுதான். 2013-ன் எச்டி பதிப்பு எட்டில் ஐந்து துண்டுகளை நேரடியாகக் கொடுத்துவிட்டது. இப்போது நின்டெண்டோ ஸ்விட்ச் 2-ன் சந்தாவில் கிடைப்பது பழைய கேம்க்யூப் பதிப்பு என்பதால், அதில் ஆடுபவர்கள் ரூபியை முதலிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

ஷாடோ ஆஃப் தி கொலோசஸை பிஎஸ் 2-ல் ஆடினால் பெரிய பூதங்கள் எழும்போது காட்சி தடுமாறும், வினாடிக்குத் திரையில் வரும் படங்கள் (ஃப்ரேம்கள்) 20-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். 2011-ல் பிஎஸ் 3-க்கு வந்த பதிப்பு கேமை மாற்றாமல் காட்சியைத் தெளிவாக்கி இந்தத் தடுமாற்றத்தை நீக்கியது. என்னைக் கேட்டால் 2018-ன் ரீமேக்கைவிட அதுவே மேல். வெளிறிப்போன அந்தப் பாழ்நிலம் ரீமேக்கில் கொஞ்சம் செழித்துவிட்டது.

டிஸ்க் எந்த நாட்டுடையது என்று பாராமல் வாங்குவது

இந்தியாவில் டிவி பால் (PAL) முறை. அதனால் இங்கே அதிகாரபூர்வமாக விற்ற பிஎஸ் 2 டிஸ்க்குகள் ஐரோப்பியப் பதிப்புகள். பால் என்றால் திரையில் காட்சி வினாடிக்கு 50 முறை மாறும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 60. கவனமில்லாமல் மாற்றிய கேம்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும், திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். ஃபைனல் ஃபேண்டஸி 10 இதற்கு நல்ல உதாரணம். அதில் சிக்கல் என்னவென்றால், அமெரிக்கப் பதிப்பில் இல்லாத கூடுதல் பாஸ்கள் ஐரோப்பியப் பதிப்பில் உண்டு. இக்கோவும் அப்படியே. அமெரிக்காவில் 2001-ல் அவசரமாக முதலில் வந்த பதிப்பைவிட, 2002-ல் ஐரோப்பாவுக்கு வந்ததில்தான் விஷயம் அதிகம். ஒருமுறை முடித்துவிட்டு மறுபடி ஆடினால் அந்தப் பெண் யோர்டா பேசுவதன் பொருள் திரையில் வரும். ஆகவே ‘பால் மோசம், அமெரிக்கப் பதிப்பு நல்லது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கேம் தொடங்கும்போது 60 ஹெர்ட்ஸ் வேண்டுமா என்று கேட்டால் ஆம் என்று கொடுங்கள்.

எல்லாக் கன்ட்ரோலரும் ஒன்றுதான் என்று நினைப்பது

பலருக்கும் தெரியாத சங்கதி இது. பிஎஸ் 2-ன் டூயல்ஷாக் 2-ல் முகப்பிலுள்ள நான்கு பட்டன்களும் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும். மெட்டல் கியர் சாலிட் 2-ல் சதுர பட்டனைப் பிடித்தால் துப்பாக்கி நிமிரும். சட்டென்று விட்டால் சுடும், விரலை மெல்ல மெல்லத் தளர்த்தினால் சுடாமல் இறங்கும். காவலாளியின் முதுகில் துப்பாக்கியை நீட்டி மிரட்டிவிட்டு, சுட மனமில்லாமல் விரலைத் தளர்த்தும் அந்த நொடி முழுவதும் கட்டைவிரலில் இருக்கிறது. பிஎஸ் 4, பிஎஸ் 5 கன்ட்ரோலர்களின் முகப்பு பட்டன்களில் இந்த உணர்வு கிடையாது. எமுலேட்டரில் அவற்றை மாட்டி ஆடுபவர் மிரட்டப் போய்ச் சுட்டுவிட்டு, கேமைத் திட்டுவார். பிஎஸ் 2-க்கான எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ் 2-ல் மெல்லிய அழுத்தத்துக்கென்று தனி பட்டன் ஒதுக்கும் வசதி இருக்கிறது, தொடங்கும் முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

கேம்க்யூபில் இந்த வேலையைத் தோள் பட்டன்கள் செய்தன. சூப்பர் மரியோ சன்ஷைனில் பாதி அழுத்தினால் ஓடிக்கொண்டே தண்ணீர் பீய்ச்சலாம், ‘க்ளிக்’ என்று அடிவரை அழுத்தினால் நின்று குறிபார்க்கலாம். 2020-ல் ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பாதி அழுத்தத்துக்கு வழியில்லாமல் இரண்டையும் இரண்டு பட்டன்களாகப் பிரித்தார்கள்.

டிவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4:3 காட்சியை அகலத் திரைக்கு இழுத்து வைத்து ஆடாதீர்கள், எல்லாருமே குண்டாகத் தெரிவார்கள். பழைய கன்சோலை மஞ்சள் முனை கேபிளில் மாட்டாமல் காம்பொனென்ட் கேபிள் வாங்குங்கள், டிவியில் கேம் மோடைப் போடுங்கள். டைம் கிரைசிஸ் மாதிரியான துப்பாக்கி கேம்களுக்கு அந்தக் காலத்துத் துப்பாக்கியை வாங்குவதானால், கூடவே பழைய பிக்சர் ட்யூப் டிவியும் வாங்க வேண்டும். தட்டை டிவியில் அது வேலை செய்யாது.

எமுலேட்டரிலும் பிசியிலும் வேகத்தைக் கூட்டிப் பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். அந்தக் காலத்து கேம்கள் பலவற்றில் கணக்குகள் ஃப்ரேமோடு கட்டப்பட்டவை. சான் ஆண்ட்ரியாஸின் பிசி பதிப்பில் ஃப்ரேம் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் நீச்சல் முதற்கொண்டு கோளாறாகும்.

இன்றைய கையால் ஆடுவது

ரெசிடென்ட் ஈவில் 4-ல் சுடும்போது நகர முடியாது. இன்றைய ஷூட்டர்களில் பழகியவர்களுக்குக் கைகால் கட்டிப்போட்டது போல இருக்கும். ஆனால் எதிரிகளைக் கவனியுங்கள். ஓடி வருபவன்கூடப் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைப்பான், ஒரு கணம் நின்று அப்புறம்தான் பாய்வான். நீங்கள் நின்று சுடுவீர்கள் என்பதை வைத்துத்தான் அவன் நடையே அமைந்திருக்கிறது. காலில் ஒரு குண்டு, தடுமாறியதும் ஓடிப்போய் ஓர் உதை. இந்தத் தாளம் பிடிபடும் முன்பே கைவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். கேம்க்யூப் பதிப்பு பார்க்க அழகு. பிஎஸ் 2-ல் ஏடா என்ற பாத்திரத்தின் தனிக் கதை கூடுதல். பின்னால் வந்த எச்டி பதிப்புகளில் இரண்டும் உண்டு.

பட்டியல்களை நம்பி 2005-லேயே நின்றுவிடுவது

பிஎஸ் 3 வந்தது 2006 நவம்பரில். அதோடு பிஎஸ் 2 முடிந்தது என்று நினைப்பவர்கள் 2007-ன் காட் ஆஃப் வார் 2-வையும், 2008-ன் பெர்சோனா 4-ஐயும் தவற விடுகிறார்கள். அந்தக் கன்சோலை முழுக்கக் கற்றுக்கொண்டவர்களின் கைவேலை இவை. விற்பனையையும் அன்றைய மதிப்பெண்ணையும் பார்த்து ஒதுக்குவதும் சரியல்ல. பியாண்ட் குட் அண்டு ஈவில், சைக்கோநாட்ஸ் இரண்டும் வந்தபோது விற்கவில்லை. காட் ஹேண்டுக்கு ஒரு பெரிய இணையதளம் பத்துக்கு மூன்று போட்டது. இன்று அதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது.

விமர்சகர்களின் பட்டியல்களில் விளையாட்டு, மல்யுத்த கேம்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். ஆனால் நம் ஊரில் பிஎஸ் 2 என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது 2003-ன் ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் தி பெயின்தான். இரண்டு கன்ட்ரோலர், நாலு பேர், தோற்றவன் எழுந்திருக்க வேண்டும். அதைத் தனியாக உட்கார்ந்து கணினியோடு ஆடிவிட்டு ‘சுமார்தான்’ என்று தீர்ப்பெழுதாதீர்கள், ஆள் சேருங்கள்.

வரிசை மாற்றி ஆடுவதைச் சொல்லாமல் விட்டால் கிங்டம் ஹார்ட்ஸ் ரசிகர்கள் கோபிப்பார்கள். முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் ஒரு கதை, முதலில் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸில் வந்தது. அதை விட்டுவிட்டு இரண்டாம் பாகத்தைத் தொடங்கினால் முதல் சில மணி நேரம் யாரோ ஒரு பையன் ஊர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இப்போதைய தொகுப்பில் அந்த நடுக்கதையும் இருக்கிறது.

பழைய கன்சோலே வாங்குபவர்களுக்கு ஒன்று: கேமுக்கு முன்னால் ஒரிஜினல் 8 எம்பி மெமரி கார்டு ஒன்று வாங்குங்கள். அந்தக் காலத்து கேம்கள் பலவும் தானாக சேவ் செய்யாது. கரண்ட் போனால் கடைசியாக எங்கே சேவ் செய்தீர்களோ அங்கிருந்துதான்.