மேடைப் பாத்திரம் பழசாகிப் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டாண்ட்-அப்பில், அதாவது தனியாள் மேடை நகைச்சுவையில், சிலர் தாங்களாகவே நின்று பேசுவார்கள். வேறு சிலர் ஒரு பாத்திரமாக மாறி, அந்த ஆளின் குரலிலும் நடையிலும் பேசுவார்கள். பாத்திரம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் அலுத்தும் போகும். திருகோணமலை மாதிரி ஊரில் அந்த அலுப்பு இன்னும் வேகமாக வரும். பெரிய நகரத்தில் ஒரே நிகழ்ச்சியை இரவுக்கு இரவு புதிய சனத்துக்குக் காட்டலாம். இங்கே கோயில் திருவிழாவில் பார்த்தவர்தான் பாடசாலை விழாவிலும் முன்வரிசையில் இருப்பார். வராதவருக்கு அடுத்த நாள் காலையில் வாட்ஸ்அப்பில் வீடியோ போய்விடும். எனவே இங்கே பாத்திரம் செய்ய வருகிறவர் முதல் நாளிலிருந்தே கவனமாக இருக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் விடும் முதல் தவறு, ஒரு குரலையும் ஒரு வசனத்தையும் பிடித்துவிட்டால் பாத்திரம் முடிந்தது என்று நினைப்பது. அந்த வசனத்துக்கு முதல் தடவை சிரிப்பு வரும், பிறகு கைதட்டல் வரும். கைதட்டலைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சனம் தங்களுக்குத் தெரிந்ததை வரவேற்கிறது, அவ்வளவுதான். ஈழத்துக் கலைஞர் கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பின் தலைப்பே ஒரு பஸ் கொண்டக்டரின் வசனம்தான். ஆனால் அது இவ்வளவு காலம் நின்றதற்கு அந்த வசனம் மட்டும் காரணம் இல்லை. ஒரே ஆள் மேடையில் நின்று, கண்ணுக்குத் தெரியாத பயணிகளால் ஒரு பஸ்ஸையே நிரப்பிக் காட்டினார். இன்னும் ஓர் ஆளை ஏற்ற வேண்டும், காசை வாங்க வேண்டும், பஸ்ஸை நகர்த்த வேண்டும் என்ற கொண்டக்டரின் அவசரம் இன்றைக்கும் திருகோணமலை பஸ் நிலையத்தில் அப்படியே இருக்கிறது. பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தால் வசனம் தன்பாட்டில் வரும்.

அடுத்தது, பாத்திரத்தை ஒரு காலத்தில் உறைய வைப்பது. திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போக முன்பு பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையில், ஏறித்தான் தண்ணியைக் கடக்க வேண்டும். 2009இல் பாலம் திறந்தார்கள். பாதையில் சனத்தை ஏற்றி இறக்கி அதட்டும் ஒரு பெரியவரைப் பாத்திரமாக எடுத்துக்கொள்வோம். பாதை நெரிசலை மட்டுமே வைத்து அவரைச் செய்தால், பாலத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. அவரைப் பாலத்தடிக்குக் கொண்டுவாருங்கள். தான் சொல்லாமல் யாரும் அக்கரை சேர முடியாது என்று நம்பும் மனுசன் அவர். மோட்டார் சைக்கிளை மறித்து, "தம்பி, இடப்பக்கம் பாரம் கூட. பின்னுக்கு இருக்கிறவரை இறக்கிவிட்டுப் போ" என்கிறார். கூகுள் மேப் பார்த்து வருகிறவனிடம், "அந்தப் பொம்பிளைக்கு இந்தத் தண்ணியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கிறார். ஆள் மாறவில்லை, உலகம்தான் மாறிவிட்டது. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நாளைக்கு வேறொன்று வந்தாலும் அவருக்கு அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும்.

வெளிநாட்டில் நீண்டகாலம் நின்ற பாத்திரங்களிலும் இதைப் பார்க்கலாம். அவுஸ்திரேலிய நகைச்சுவை நடிகர் பாரி ஹம்ப்ரீஸ் பெண் வேடமிட்டுச் செய்த எட்னா 1955இல் மெல்பேர்னில் மேடையேறியபோது, அடுத்த வருடம் வரவிருந்த ஒலிம்பிக்குக்காகத் தன் வீட்டில் ஆட்களைத் தங்க வைக்க முன்வரும் சாதாரண புறநகர் இல்லத்தரசி. போகப் போக அவர் தன்னை உலக நட்சத்திரமாக அறிவித்துக்கொண்டு, விருந்தினர்களையே மட்டம் தட்டத் தொடங்கினார். பகட்டு வளர்ந்தது, ஆனால் அடியில் இருந்தது அதே இல்லத்தரசிதான். ஹம்ப்ரீஸ் 2023இல் இறக்கும்வரை அந்தப் பாத்திரத்தின் பெயர் மங்கவில்லை.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இன்னொன்று. ஓர் இனத்தின் பேச்சையே பகிடியாக்குவது. திருகோணமலை மேடைக்கு முன்னால் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாக இருப்பார்கள். மூதூர்ப் பேச்சையோ, ஒரு சிங்கள அண்ணரின் உடைந்த தமிழையோ இழுத்துப் பேசினால் பாதி ஹோல் சிரிக்கும். மற்றப் பாதி பேசாமல் இருக்கும். அந்தப் பாதி அடுத்த முறை வராது. பேச்சு வழக்கை விடச் சொல்லவில்லை, அது இல்லாமல் பாத்திரமே இல்லை. ஆனால் சிரிப்பு அந்த ஆளின் பிடிவாதத்திலிருந்தும் பெருமையிலிருந்தும் வர வேண்டும். உச்சரிப்பை எடுத்துவிட்டு எழுதிப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அது பாத்திரம்.

இதோடு ஒட்டிய சிக்கல், பாத்திரத்தின் பிழையான கருத்தைச் சனம் சரி என்று எடுத்துக்கொள்வது. இங்கிலாந்தில் நகைச்சுவைக் கலைஞர் அல் மரி செய்யும் மதுக்கடை முதலாளி, தன் நாடு ஒருபோதும் பிழைவிடாது என்று நம்பும் ஆள். அந்த முதலாளியின் பேச்சை உண்மையாகவே ஆமோதித்துச் சிரிக்கிறவர்களும் உண்டு என்ற விமர்சனம் வெகுகாலமாக இருக்கிறது. எனவே பாத்திரம் தோற்கும் இடம் ஒன்றை நிகழ்ச்சிக்குள் கட்டாயம் வையுங்கள். பெண்களை மட்டம் தட்டும் மாமா ஒருவரைச் செய்தால், கடைசியில் அவருடைய மகள் ஒற்றைக் கேள்வியில் அவரை வாயடைக்க வைக்கட்டும்.

சாரம், விக், கண்ணாடி என்று உடுப்பில் காசைக் கொட்டுவதும் வீண்தான். நடுவில் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து "சும்மா பகிடிக்கு" என்று சமாதானம் சொல்வதையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஒரே பத்து நிமிடத்தை வருடக்கணக்காக ஓட்டாதீர்கள். மீன் சந்தையிலோ கச்சேரி (மாவட்டச் செயலக) வரிசையிலோ நிற்கும்போது, இந்த இடத்தில் நம்ம ஆள் என்ன சொல்வார் என்று யோசியுங்கள். பதில் உடனே வந்தால் எழுதி வையுங்கள். பல வாரம் ஒன்றும் வரவில்லை என்றால், அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சக் காலம் இறக்கி வைத்துவிட்டு வேறொருவரைத் தேடுவது நல்லது.