சிறு படகின் கேபினுக்கு ஏற்ற ஹீட்டரைத் தேர்ந்தெடுத்தல்

குளிர்காலத்திலும் படகில் தங்க விரும்புவோர் ஹீட்டர்களின் விலையை விசாரிக்கத் தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட வேண்டும். படகு தன் இரவுகளைப் பெரும்பாலும் எங்கே கழிக்கப் போகிறது? கரை மின்சாரம் கிடைக்கும் படகுத்துறையிலா, நங்கூரமிட்டு நிற்கும் திறந்த நீரிலா? எரிபொருளும் கிலோவாட் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

படகு எப்போதும் துறையிலேயே நிற்குமானால், தெர்மோஸ்டாட் உள்ள சிறிய மின் ஹீட்டரே போதும். அது புகை விடாது, கேபினுக்குள் ஈரத்தைச் சேர்க்காது, படகில் துளையிடவும் தேவையில்லை. 230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பிலிருந்து ஏறத்தாழ 3.6 கிலோவாட் கிடைக்கும் என்பதால், 1 கிலோவாட் ஹீட்டரும் பேட்டரி சார்ஜரும் ஒன்றாக இயங்குவதில் சிக்கல் இல்லை. ஆனால் துறையை விட்டு நீங்கியதும் இந்த வசதி முடிந்துவிடும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் அடங்கியிருப்பது சுமார் 1.2 கிலோவாட்-மணி ஆற்றல். ஈய-அமில பேட்டரியாக இருந்தால் அதில் பாதியைத்தான் பேட்டரிக்குத் தீங்கின்றி எடுக்க முடியும். அதாவது, 1 கிலோவாட் ஹீட்டர் அதை அரை மணி நேரத்திலேயே தீர்த்துவிடும். இன்வெர்ட்டரைச் சேர்ப்பதால் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே, நங்கூரமிட்டுத் தங்குவோர் எதையாவது எரித்தே சூடேற்ற வேண்டியிருக்கிறது. அங்கே கவனிக்க வேண்டிய முதல் செய்தி, எரிதலில் உண்டாகும் வாயுக்கள் எங்கே போகின்றன என்பது. புகைபோக்கி இல்லாத கேஸ், மண்ணெண்ணெய், ஆல்கஹால் ஹீட்டர்கள் மலிவானவை, பொருத்த எளியவை. ஆயினும் எரிந்ததன் விளைவு முழுவதும் கேபினிலேயே தங்கிவிடுகிறது. 1 கிலோ புரொப்பேன் எரியும்போது சுமார் 1.6 கிலோ நீராவி உருவாகிறது. அது குளிர்ந்த சன்னல்களிலும் மெத்தைக்கு அடியிலும் நீராகப் படியும். ஈரத்தை விரட்டுவதற்காக வாங்கிய கருவியே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்றால் அதை வாங்குவதில் பொருளில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, ஆக்சிஜன் குறையும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். புகைபோக்கி இல்லாத எதையும் எரியவிட்டு உறங்கக் கூடாது என்பதை நான் விலக்கில்லாத விதியாகவே வைப்பேன். கேஸ்தான் வேண்டுமென்றால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையை வெளியிலேயே விடும், முற்றிலும் மூடிய எரியறை கொண்ட வகையை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். அப்போதும், புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

டீசல் எஞ்சின் உள்ள பெரும்பாலான சிறு படகுகளுக்கு என் பரிந்துரை, வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் டீசல் வெப்பக்காற்று ஹீட்டர்தான். எரியறை தனியாக இருப்பதால் கேபினுக்குள் வருவது உலர்ந்த வெப்பக்காற்று மட்டுமே. எரிபொருளைப் படகின் தொட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 2 கிலோவாட் அளவுள்ள ஒன்று மணிக்கு ஏறத்தாழ கால் லிட்டர் வரை டீசல் குடிக்கும். தொடங்கும் சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். பிறகு விசிறிக்கும் பம்புக்கும் 1 முதல் 3 ஆம்பியர் போதும். கம்பி மெலிதாக இருந்தால் தொடக்கத்திலேயே மின்னழுத்தம் சரிந்து ஹீட்டர் நின்றுவிடும். பழுது என்று கழற்றப்படும் ஹீட்டர்களில் பலவற்றுக்கு உண்மையில் தேவைப்படுவது தடித்த கம்பிதான்.

அளவைக் கணிக்க, கேபினின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிக் கன மீட்டரில் கொள்ளளவை அறிந்து, ஒவ்வொரு கன மீட்டருக்கும் 100 முதல் 200 வாட் வரை வைத்துக்கொள்ளலாம். வெப்பக்காப்பு இல்லாத படகுக்கும் கடுங்குளிர்ப் பகுதிக்கும் மேல் எல்லையைக் கொள்க. 12 கன மீட்டர் கேபினுக்கு 2 கிலோவாட் பெரும்பாலும் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று 4 கிலோவாட் வாங்குவது தவறான முன்னெச்சரிக்கை, ஏனெனில் பெரிய ஹீட்டர் நாள் முழுவதும் குறைந்த நிலையிலேயே எரிந்து, எரியறையில் கரி படிந்து, விரைவில் அடைத்துக்கொள்ளும்.

விசிறியின் இரைச்சலையும் மின்செலவையும் விரும்பாதவர்களுக்கு, சொட்டுச் சொட்டாக டீசலை விட்டு எரிக்கும் அடுப்பு வகை உண்டு. டென்மார்க்கின் ரெஃப்ளெக்ஸ் அடுப்புகள் மீன்பிடிப் படகுகளில் பெயர் பெற்றவை. எரிபொருள் ஈர்ப்பு விசையாலேயே இறங்குவதால் இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிற்போருக்கு இதைவிட அமைதியான துணை கிடையாது. ஆனால் நேரான, நீண்ட புகைபோக்கிக்கு இடம் வேண்டும். பாய்மரப் படகு அதிகம் சாய்ந்து ஓடும்போது சீராக எரியாது. வெப்பமும் அடுப்பைச் சுற்றியே தங்கும். விறகு அடுப்புக்கும் ஏறத்தாழ இதே குறைகள்தான், சாம்பலும் விறகு வைக்கும் இடமும் கூடுதல். சுடுநீரைக் குழாய்களில் சுழற்றும் அமைப்பு பல அறைகள் கொண்ட பெரிய படகுக்கே பொருந்தும்.

எதை வாங்கினாலும், பொருத்தும் இடத்தை முடிவு செய்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. புகைக்குழாய் கடுமையாகச் சூடாகும் என்பதால் அதற்கு வெப்பக்காப்பு உறை வேண்டும். வெளிவாய் நீர்மட்டத்துக்கு வெகு மேலே, சன்னலுக்கும் காற்று உள்ளிழுக்கும் வாய்க்கும் தள்ளி அமைய வேண்டும். அலைநீர் உள்ளே ஏறாதபடி குழாயை உள்பக்கத்தில் ஒருமுறை உயர்த்தி வளைத்துவிட வேண்டும். பெட்ரோல் எஞ்சின் உள்ள அறையில் ஹீட்டரை வைக்கவே கூடாது. படகுகளுக்கான கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிக்கு ஐரோப்பியத் தரம் இஎன் 50291-2. அந்த எண் உள்ளதா என்று பார்த்து வாங்கி, உறங்கும் இடத்தருகே பொருத்துக. டீசல் ஹீட்டரை அணைக்கும்போது பேட்டரி சுவிட்சைத் துண்டிக்காமல், விசிறி எரியறையைக் குளிர்வித்துத் தானாக நிற்கும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை கழற்றிச் சுத்தம் செய்யக் கை நுழையும் இடம் இருக்கிறதா என்பதையும் அளந்து பார்த்துவிட்டு ஆணி அடிக்கலாம்.