ஸ்மார்ட் போர்டில் மீன் பாடம்: பயிற்சி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் கற்பித்தல் பயிற்சிக்காக ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்புக்கு மீனின் உறுப்புகள் பாடம். ஆறு நிமிட வீடியோவைத் தேடிப் பிடித்து ஸ்மார்ட் போர்டில் ஓடவிட்டேன். திரையில் வந்த மீனை மத்தி என்றது குரல். "டீச்சர், அது சாளை" என்றான் ஒருவன். "இல்லடா, சூடை" என்றது பின்வரிசை. எனக்கு எதுவும் தெரியவில்லை. மத்தியைத்தான் இங்கே சாளை என்பார்கள் என்று மதியம் சத்துணவு அக்கா சொன்னார். செவுளைக் காட்டியபோது ஒரு சிறுமி, "சிவப்பா இருந்தா புது மீன், வெளுத்திருந்தா பழசு" என்றாள். வீடியோவில் இல்லாத பாடம் அது. நானோ, "பேசாம பாரு" என்றேன்.

தவறு வீடியோவில் இல்லை. நிறுத்தாமல் ஓடவிட்டதும், கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் பொருளைப் படமாகக் காட்டியதும்தான் தவறு. மறுநாள் சாளை வாங்கிப் போய்ச் செவுளைத் திறந்து பார்க்க வைத்தேன். அதன் வழியே ஓடும் தண்ணீரிலிருந்து மீன் ஆக்சிஜனை எடுப்பதைக் கையில் காட்ட முடியாது. அதற்கு மட்டும் திரை. குருசடைத் தீவுப் பவளப்பாறைக்கும் அப்படித்தான். பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் நீருக்கடியில்.

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது அடுத்த தவறு. பல வீடுகளில் ஒரே போன்தான், அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். காலையில் கிளம்பும் விசைப்படகு பெரும்பாலும் மறுநாள் காலைதான் கரை திரும்பும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போன் வீட்டிலேயே இருக்கும். என்ன செய்ய, அதில் பெரும்பகுதி பள்ளி விடுமுறை! கரும்பலகையில் எழுதிப் போட்டாலே போதும்.

பாடநூலின் கியூஆர் கோடை வகுப்பில் வைத்து ஸ்கேன் செய்யாதீர்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குள் வகுப்பு சந்தையாகிவிடும். முந்தின இரவே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள்.

தொடக்க வகுப்புகளில் வாசிப்பும் கணக்கும் கைவர 2022-ல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து, மதிப்பீட்டைச் செயலியில் பதிவார்கள். நானும் உதவினேன். பிள்ளை வாசிக்கும்போது என் கண் போனில் இருந்தது. 'பள்ளி'யைப் 'பல்லி' என்று வாசித்தானா, சரியாக வாசித்தானா என்று பிறகு சொல்லத் தெரியவில்லை. இப்போது முதலில் தாளில் குறித்துக்கொள்கிறேன், பதிவு சாயங்காலம்.

பாடத்திட்டக் குறிப்பில் ஸ்மார்ட் போர்டு என்று எழுதினால்தான் மதிப்பெண் என்ற பயம் எங்களில் பலருக்கு உண்டு. மறுநாள் எடுத்த அந்த மீன் பாடத்துக்கு, "சாளை – 6 மீன், ஸ்மார்ட் போர்டு – 2 நிமிடம்" என்று எழுதிக் கொடுத்தேன். பார்வையிட வந்த விரிவுரையாளர் ஒன்றுதான் கேட்டார்: "வகுப்பு முடிஞ்சதும் மீனை என்னம்மா பண்ணீங்க?"